தோட்டக் கிணற்றுக்குச் சோலர் மோட்டர்: மண்ணெண்ணெய் மெசினை விற்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் அரை ஏக்கர் மேட்டுநிலத் தோட்டம், மிளகாயும் கத்தரியும். 12 அடி அகலமும் 26 அடி ஆழமும் உள்ள கட்டுக்கிணறு. ஆவணி மாதக் காலையில் தண்ணீர் 19 அடியில் நிற்கிறது. இரண்டிஞ்சி மண்ணெண்ணெய் மெசினால் ஒரு மணித்தியாலம் இறைத்தால் அடி தெரிகிறது, மறுநாள் விடிய முன் பழைய மட்டத்துக்கு ஏறிவிடுகிறது. கடைக்காரர், பனல் தரும் மின்சாரத்தில் ஓடும் ஒன்றரைக் குதிரைவலு டி.சி. மோட்டரும் 550 வாட் பனல் நான்கும் போடச் சொல்கிறார். பற்றரி வேண்டுமா, மாரியில் ஓடுமா, மிஞ்சும் கரண்டை வீட்டுக்கு எடுக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் அறிய விரும்புவது ஒன்று: மெசினை விற்றுவிட்டுச் சோலரை மட்டும் நம்பித் தோட்டம் செய்யலாமா?

அரை ஏக்கருக்குச் செய்யலாம். ஆனால் கடைக்காரர் சொன்னதில் பாதி அல்லது அதற்கும் குறைந்த மோட்டர் போதும். மீதிக் காசைத் தண்ணீர்த் தொட்டிக்குப் போடுங்கள். மெசினை முதல் இரண்டு போகத்துக்கு விற்க வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதை நீங்களே போட்டுப் பார்க்கும்படி எழுதுகிறேன், ஏனென்றால் பக்கத்துக் காணிக் கிணறு உங்கள் கிணறு அல்ல, அவருக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

கணக்கைப் பனலில் தொடங்கினால் பிழைக்கும். பயிருக்கு எவ்வளவு தண்ணீர், கிணறு எவ்வளவு தரும் என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வன்னியில் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை, வெயிலும் சோளகக் காற்றும் சேர்ந்து நாளொன்றுக்கு நிலத்திலிருந்தும் பயிரிலிருந்தும் 5 முதல் 6 மில்லிமீற்றர் நீரை எடுத்துவிடும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் என்பது ஏறக்குறைய 4,000 லீற்றர். எனவே நன்கு வளர்ந்த அரை ஏக்கர் மிளகாய்க்கு நாளொன்றுக்கு 10,000 முதல் 12,000 லீற்றர் வேரடிக்குப் போய்ச் சேர வேண்டும். மண் வாய்க்காலில் பாய்ச்சினால் வழியிலேயே ஒரு பகுதி ஊறிப் போகும். அதையும் சேர்த்து 15,000 முதல் 20,000 லீற்றர் இறைக்க வேண்டி வரும். சொட்டுநீர்க் குழாய் போட்டால் 12,000, 13,000 லீற்றருக்குள் முடிக்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாய்ச்சுகிறவர்கள் இரண்டு நாள் அளவைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இனிக் கிணறு. 12 அடி விட்டமுள்ள கிணற்றில் ஒரு அடி உயரத் தண்ணீர் ஏறக்குறைய 3,200 லீற்றர். உங்கள் கிணற்றில் காலையில் 7 அடித் தண்ணீர் நிற்கிறது. அடியில் 2 அடியை விட்டுவிட்டால் எடுக்கக்கூடிய கையிருப்பு 5 அடி, அதாவது 16,000 லீற்றர். இறைக்கும்போது ஊறி வருவது இதற்கு மேல். அதை அறிய ஒரு பரிசோதனை செய்யுங்கள். ஆவணிக் கடைசியிலோ புரட்டாதியிலோ, கிணறு மிகவும் வற்றிய நாட்களில், ஒரு காலையில் மட்டத்தை அளந்து வைத்து, மெசினால் 2 அடி மிஞ்சும்வரை இறைத்து நிறுத்துங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி, அரை அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மணிக்கு ஒரு தடவை நான்கு மணித்தியாலம் அளந்து எழுதுங்கள். முதல் மணித்தியாலத்தில் முக்கால் அடி ஏறினால் ஊற்று மணிக்கு 2,400 லீற்றர். போகப்போக ஏறும் வேகம் குறையும். கிணற்று மட்டம் சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டத்தை நெருங்க நெருங்க ஊற்று மெலியும் என்பதே காரணம். பழைய மட்டத்துக்கு வர மொத்தம் எத்தனை மணித்தியாலம் எடுக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது 16 மணித்தியாலத்துக்குள் இருந்தால் சோலருக்கு ஏற்ற கிணறு. காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் நான்கு மணிவரை எடுக்கலாம், இரவு முழுவதும் அது நிரம்பட்டும்.

இங்கேதான் சோலர் மோட்டருக்கும் வன்னிக் கிணற்றுக்கும் இயல்பான பொருத்தம் இருக்கிறது. மண்ணெண்ணெய் மெசின் ஒரு மணித்தியாலத்தில் 20,000 லீற்றரை அள்ளி வெளியே தள்ளிவிட்டு நின்றுவிடும். ஊற்று அப்படி ஓடாது, மணிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் லீற்றராகத்தான் வரும். மணிக்கு மூவாயிரத்துச் சொச்சம் லீற்றர் எடுக்கும் சிறிய மோட்டர் பகல் முழுவதும் ஓடினால், இரவில் சேர்ந்த கையிருப்பும் கிடைக்கிறது, பகலில் ஊறுவதும் கிடைக்கிறது. கடைக்காரர் சொன்ன ஒன்றரைக் குதிரைவலு மோட்டரோ நல்ல வெயில் நாளில், உங்கள் உயரத்துக்கு, எழுபது எண்பதாயிரம் லீற்றர் இறைக்கக்கூடியது. உங்கள் கிணற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லை. காலை பத்து மணிக்கு முன்னரே அடியைத் தொட்டு நிற்கும், கொஞ்சம் ஊறியதும் மீண்டும் ஓடும், மீண்டும் நிற்கும். வெயில் உச்சியில் நிற்க, மோட்டர் சும்மா கிடக்கும். நீங்கள் கூடுதலாகக் கொடுத்த காசு கிணற்றுக்குள் தண்ணீரைக் கொண்டு வராது.

மோட்டரின் அளவுக்கு வருவோம். தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்பதை மீற்றரில் எடுங்கள். இறைக்கும்போது மட்டம் ஏறக்குறைய 24 அடிக்குப் போகும், அது 7 மீற்றருக்குச் சற்று மேல். தரையிலிருந்து தொட்டியின் வாய்வரை 2 மீற்றர், நிலம் ஏறுமுகமாக இருந்தால் அதற்கு ஒரு மீற்றர், குழாயில் உரசி இழக்கப்படுவதற்கு ஒரு மீற்றர். மொத்தம் 12 மீற்றர் என்று வையுங்கள். ஆயிரம் லீற்றரில் தண்ணீரின் அளவை இந்த உயரத்தால் பெருக்கி 367 ஆல் பிரித்தால், தண்ணீரை ஏற்ற மட்டும் தேவைப்படும் மின்சாரம் யூனிற்றில் வரும். 20 ஐ 12 ஆல் பெருக்கி 367 ஆல் பிரிக்க 0.65 யூனிற். சிறிய பம்புகளில் கொடுத்த மின்சாரத்தில் முப்பத்தைந்து, நாற்பது வீதந்தான் தண்ணீரை ஏற்றப் பயன்படும். எனவே பனலிலிருந்து 1.7 அல்லது 1.8 யூனிற் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் முழு வெயிலுக்குச் சமமான நேரம் நாளொன்றுக்கு 5 மணித்தியாலம் என்று எடுத்து, சூட்டுக்கும் தூசிக்கும் கால்வாசி கழித்தால், 470 வாட் பனலே கணக்குக்குப் போதும். 550 வாட் பனல் இரண்டு போட்டால் முகில் நாளுக்கும் காலை, மாலை மங்கல் வெயிலுக்கும் தாராளமாக இருக்கும். மோட்டர் அரைக் குதிரைவலு முதல் முக்கால் குதிரைவலு வரை. நான்கு பனல் வேண்டியதில்லை.

இரண்டு பனலையும் எப்படி இணைப்பது என்பதில் பல கொண்ட்ரோலர்கள் (பனலின் கரண்டை மோட்டருக்கு ஏற்றபடி கொடுக்கும் பெட்டிகள்) எரிந்திருக்கின்றன, ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள். 550 வாட் பனல் ஒன்று வேலை செய்யும்போது 41, 42 வோல்ட் தரும், எதையும் இணைக்காமல் வெயிலில் வைத்தால் 50 வோல்ட்வரை காட்டும். இரண்டையும் தொடராக இணைத்தால், மோட்டர் ஓடாமல் நிற்கும் நேரத்தில் கொண்ட்ரோலருக்கு 100 வோல்ட் போகும். 48 வோல்ட் மோட்டருடன் வரும் கொண்ட்ரோலர்கள் சிலவற்றின் உச்ச எல்லையே 100 வோல்ட்தான். எல்லைக் கோட்டில் வைத்து ஓட்டக் கூடாது. பக்கவாட்டாக இணைத்தால் 42 வோல்ட்தான் வரும், 48 வோல்ட் மோட்டர் அதில் திணறும் அல்லது புறப்படவே மாட்டாது. ஆகவே 72 வோல்ட் வகை மோட்டரைக் கேளுங்கள். கொண்ட்ரோலரின் பின்புறத் தகட்டில் எழுதியிருக்கும் உச்ச வோல்ட், உங்கள் இரண்டு பனலும் எதையும் இணைக்காமல் காட்டும் வோல்ட்டைக் கூட்டியதை விட நன்றாக உயர்வாக இருக்கிறதா என்று கடையில் வைத்தே வாசித்துப் பாருங்கள். மோட்டர், கொண்ட்ரோலர், பனல் மூன்றையும் மூன்று கடையில் மலிவாக எடுத்துச் சேர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள்.

பம்பின் வகை பற்றியும் சொல்ல வேண்டும். கிணற்றுக்கு மேலே வைத்து உறிஞ்சும் பம்புகள் நடைமுறையில் 20, 22 அடிக்குக் கீழிருந்து நம்பிக்கையாக எடுக்க மாட்டா. உங்கள் மட்டம் 24 அடிக்குப் போகும், ஆகவே நீருக்குள் இறங்கும் மோட்டர்தான் வேண்டும். அதில் சில்லு சுழன்று தள்ளும் வகையும், புரி போன்ற தண்டு இறப்பர் உறைக்குள் சுழலும் வகையும் உண்டு. புரி வகை மங்கல் வெயிலிலும் கொஞ்சமாவது இறைக்கும். ஆனால் மணல் பட்டால் அந்த இறப்பர் தேயும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நிமிடத்திலேயே கெடும். சில்லு வகை காலையில் பிந்தித்தான் தண்ணீர் தரும். வேகம் பாதியானால் அது ஏற்றக்கூடிய உயரம் கால் பங்காகக் குறைந்துவிடும் என்பதால், மோட்டர் சுற்றும் சத்தம் கேட்டாலும் குழாயில் தண்ணீர் வராது. அது பழுதல்ல. மணல் கலந்து வரும், ஆழம் குறைந்த கட்டுக்கிணற்றுக்குச் சில்லு வகையே என் தெரிவு. புரி வகை ஒடுங்கிய ஆழமான குழாய்க் கிணற்றுக்கு நல்லது.

இன்னொன்று, பெரும்பாலும் பொருத்துகிறவர்களே தவறவிடுவது. நீரில் மூழ்கும் மோட்டர், தன் உடலை உரசிப் போகும் தண்ணீரால் குளிர்கிறது. நாலிஞ்சிக் குழாய்க் கிணற்றில் அது தானாக நடக்கும். 12 அடி அகலக் கிணற்றில் தண்ணீர் மோட்டரைத் தொடாமலே பம்பின் வாய்க்குள் போய்விடும், மோட்டர் உள்ளுக்குள் சூடேறும். இதற்கு ஆறிஞ்சிப் பிவிசி குழாயில் ஒரு துண்டை வெட்டி, மேல்வாயைப் பம்பின் உறிஞ்சும் இடத்துக்கு மேலே மூடி, கீழ்வாயை மோட்டரின் அடிவரை திறந்து விட்டால் போதும். தண்ணீர் கீழிருந்து மோட்டரை உரசிக்கொண்டு ஏறும். செலவு மிகக் குறைவு, மோட்டரின் ஆயுளுக்குப் பெரிய வித்தியாசம். மோட்டரை நைலோன் கயிற்றில் தொங்க விடுங்கள், கேபிளில் ஒருபோதும் வேண்டாம். உறிஞ்சும் வாய் கிணற்று அடியிலிருந்து ஒன்றரை அடியாவது உயர நிற்கட்டும். தண்ணீர் குறைந்தால் நிறுத்தும் உணரியைப் பம்பின் வாய்க்கு அரை அடி மேலே கட்டுங்கள். கொண்ட்ரோலரில் அந்த வசதி இருந்தும் உணரியின் வயரை இணைக்காமல் விட்டுவிட்டுப் போகும் வேலையாட்கள் இருக்கிறார்கள்.

குழாயில் இஞ்சி பார்த்துச் சிக்கனம் செய்ய வேண்டாம். மணிக்கு 3,600 லீற்றர் ஒரு இஞ்சிக் குழாயில் 40 மீற்றர் தூரம் போனால், உரசலில் மட்டும் ஏறக்குறைய 5 மீற்றர் உயரம் வீணாகும். ஒன்றரை இஞ்சிக் குழாயில் அதே தூரத்துக்கு ஒரு மீற்றர்கூட ஆகாது. 12 மீற்றர் கணக்குப் போட்ட மோட்டர் 16 மீற்றருக்குத் தள்ள வேண்டி வந்தால், தண்ணீர் குறைந்து நீங்கள் பனலைக் குறை சொல்லுவீர்கள்.

சோலர் போட்டவர்களிடம் அதிகம் கேட்கும் குறை, “தண்ணி பாத்திக்குப் போய்ச் சேருதில்லை” என்பது. அது நியாயமான குறைதான். இரண்டிஞ்சி மெசின் நிமிடத்துக்கு முந்நூறு லீற்றருக்கு மேல் தள்ளிய வாய்க்காலில், சிறிய சோலர் மோட்டர் அறுபது லீற்றர்தான் விடும். மணல் கலந்த செம்மண் வாய்க்கால் அந்த அறுபதையும் பாதி வழியிலேயே குடித்துவிடும். இதற்காகப் பெரிய மோட்டர் வாங்கத் தேவையில்லை. பகலெல்லாம் தொட்டியில் சேர்த்து, பின்னேரம் அல்லது மறுநாள் விடியற்காலை இரண்டிஞ்சிக் குழாயால் ஒரேயடியாகத் திறந்து விடுங்கள். உள்விட்டம் 10 அடி, உயரம் 5 அடி உள்ள வட்டத் தொட்டி 11,000 லீற்றர் பிடிக்கும். காணியின் மேட்டுப் பக்கத்தில், தரையிலேயே கட்டலாம். நிரம்பினால் 11 தொன் பாரம், ஆகவே புதிதாக நிரவிய மண்ணில் கட்டாமல் இறுகிய நிலத்தில் அத்திவாரம் போடுங்கள். தொட்டியில் மிதவை ஆளி வைத்தால் நிரம்பியதும் மோட்டர் தானாக நிற்கும்.

பற்றரி பற்றிய உங்கள் கேள்விக்கு இந்தத் தொட்டிதான் பதில். இறைப்புக்குப் பற்றரி வேண்டாம். கரண்டைச் சேர்த்து வைத்து இரவில் இறைப்பதை விட, தண்ணீராகச் சேர்த்து வைப்பது மலிவு, தொட்டி முப்பது வருடம் நிற்கும். எங்கள் சூட்டில் ஈய அமிலப் பற்றரி மூன்று, நான்கு வருடத்தில் மாற்ற வேண்டி வரும். அதிலும் அதன் கொள்ளளவில் பாதியைத்தான் அதைக் கெடுக்காமல் எடுக்கலாம்.

மாரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வானம் மூடியிருக்கும் நாட்களில் பனல் மூன்றில் ஒன்றுகூடத் தராது, அது நிச்சயம். அந்த நாட்களில் வன்னியில் யாரும் இறைப்பதும் இல்லை. இறைப்பு வேண்டிய மாசி, பங்குனியிலும், பிறகு வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையும் வெயில் நிறைய இருக்கிறது. தேவையும் வெயிலும் ஒரே காலத்தில் வருவது விவசாயிக்குக் கிடைத்த வசதி. ஐயமுள்ள இடம் ஒன்று உண்டு: காலபோகத்தில் மழை பிந்தி, வானம் மூடிக்கொண்டு மட்டும் நிற்கும் ஐப்பசி நாட்கள். நாற்று மேடை அந்த நேரம் தண்ணீர் கேட்கும். எத்தனை நாள் அப்படி நிற்கும் என்று முன்கூட்டி ஒருவராலும் சொல்ல முடியாது. மெசினை வைத்திருக்கச் சொன்னதற்கு இது ஒரு காரணம்.

பனலை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று கடைக்குக் கடை வேறுபடச் சொல்வார்கள். வன்னி வடக்கு அகலக்கோடு 9 பாகையை அண்டி இருக்கிறது. சித்திரை நடுப்பகுதியில் சூரியன் தலைக்கு நேரே வந்து, பிறகு ஆவணிக் கடைசிவரை வடக்கே நின்று உச்சி கடக்கும். ஆகவே தெற்குப் பார்த்து 10 பாகைச் சாய்வு போதும், இருபது முப்பது பாகை நிமிர்த்துவது உங்கள் இறைப்புக் காலத்தில் நட்டம். சிறுபோகத்துக்கு மட்டும் இறைப்பவர் வடக்குப் பார்த்து வைத்தாலும் பிழையில்லை. முற்றிலும் மட்டமாக வைக்க வேண்டாம், தூசியும் எச்சமும் மழையில் வழிந்தோடச் சாய்வு வேண்டும். பனைமர நிழலோ தென்னோலை நிழலோ காலை 9 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் இடையில் பனலில் விழக் கூடாது. தொடராக இணைத்த பனலில் ஒன்றில் விழும் நிழல் மற்றதையும் இழுத்துக் கீழே போடும். மயில் வந்து குந்தும், குரங்கு வயரைப் பிடித்து இழுக்கும். வயர்களைக் குழாய்க்குள் விட்டு, பனலின் மேல் விளிம்பில் கம்பி ஒன்று இழுத்துக் கட்டினால் இரண்டுக்கும் ஓரளவு பயன் தரும். யானை வரும் எல்லைக் கிராமம் என்றால் பனலைக் காட்டோரத்தில் நிறுத்தாமல் வீட்டுக்கு அண்மையில் நிறுத்துங்கள். கேபிள் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

கேபிள் நீண்டால் தடிப்பமும் கூட வேண்டும். 40 மீற்றர் தூரம், 10 அம்பியர் என்றால் 4 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிளில் ஏறக்குறைய 4 வோல்ட் இழப்பு, 6 சதுர மில்லிமீற்றரில் இரண்டரை. வெயிலைத் தாங்கும் சோலர் கேபிள்தான் போட வேண்டும், வீட்டு வயரின் உறை வெயிலில் வெடித்துவிடும். நிறுத்தும் ஆளி டி.சி.க்கு உரியதாக இருக்கட்டும். வீட்டு மெயின் சுவிற்ச்சில் போடும் பிரேக்கர் டி.சி. தீப்பொறியை அணைக்காது, உள்ளுக்குள் உருகிவிடும். மோட்டர் ஓடும்போது இணைப்பியைக் கையால் கழற்றவே கூடாது. இடிமின்னல் எங்கள் பக்கம் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் கடுமை. பனல் சட்டத்துக்குச் செப்புக் கம்பியால் நிலத்தொடுப்புச் செய்து, மின்னெழுச்சித் தடுப்பியும் போடுங்கள். கோடையில் காய்ந்த செம்மண்ணில் நிலத்தொடுப்பு வேலை செய்யாது, கிணற்றடியில் எப்போதும் ஈரம் நிற்கும் இடத்தில் கம்பியை இறக்குங்கள். இவ்வளவும் செய்தாலும் நேரடியாக விழும் இடியைத் தடுக்க முடியாது. இவை காப்பது அருகில் விழும் இடியிலிருந்துதான். கொண்ட்ரோலர் பெட்டியை நிழலில், 2018 மார்கழி வெள்ளம் உங்கள் காணியில் ஏறிய மட்டத்துக்கு மேலே பொருத்துங்கள்.

பனல் வாங்கும்போது அளவுநாடா கொண்டு போங்கள். இன்று சந்தையில் உள்ள நல்ல பனல் ஒரு சதுர மீற்றருக்கு 210, 220 வாட் தரும். 550 வாட் என்று சொல்லும் பனல் 2.3 மீற்றர் நீளமும் 1.1 மீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலமும் இருக்க வேண்டும். அதைவிட நன்றாகச் சிறியதென்றால் ஒட்டியிருக்கும் எண் பொய். மோட்டருக்கு, எந்த உயரத்தில் எவ்வளவு தண்ணீர் என்ற அட்டவணையைக் கேளுங்கள். பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் ஆகக்கூடிய தண்ணீரும் ஆகக்கூடிய உயரமும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். கொண்ட்ரோலர் பழுதானால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ திருத்திக் கொடுப்பார்களா, கொழும்புக்கு அனுப்பி மூன்று வாரம் காத்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள். காய்க்கும் மிளகாய் மூன்று வாரம் காத்திருக்காது. மெசினை வைத்திருக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். பனல் 25 வருடம் போகும் என்பது ஏறக்குறைய நிச்சயம். மோட்டரும் கொண்ட்ரோலரும் அவ்வளவு போகா. இடையில் ஒரு தடவையாவது இரண்டையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துத்தான் இலாபம் பார்க்க வேண்டும்.

இலாபக் கணக்கை இன்றைய விலையில் நீங்களே போடுங்கள், இங்கே எழுதும் விலை நாளை மாறிவிடும். இரண்டிஞ்சி மெசின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் குடிக்கும். வருடத்துக்கு இறைக்கும் மணித்தியாலத்தை எண்ணி, மண்ணெண்ணெய் விலையால் பெருக்கி, ஒயில், பிளக், திருத்தச் செலவைச் சேர்த்துப் பாருங்கள். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எரிபொருள் தடையோடு வருடக்கணக்காகத் தோட்டம் செய்த வன்னிக்கு, எண்ணெய் வராத நாளிலும் கிணற்றடியில் தண்ணீர் விழுவதன் பெறுமதி வெறும் ரூபாக் கணக்கில் அடங்காது. அதேவேளை, கிணற்றடிவரை மின்சார சபையின் கரண்ட் வந்திருக்கும் காணியென்றால், சாதாரண ஏ.சி. மோட்டர் ஒன்றை அதில் பூட்டுவது பல இடங்களில் மலிவாக முடியும். உங்கள் காணிக்குக் கம்பம் எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

பணத்தை விட முக்கியமான ஒரு நன்மை. தண்ணீர் கீழே போகும் காலத்தில் மெசினைக் கிணற்றுக்குள் படிக்கட்டில் இறக்கி வைத்து ஓட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் புகையில் மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு உண்டு. அது கிணற்றுக்குள்ளேயே தங்கும், மெசினை நிறுத்த இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். சோலர் மோட்டருக்குப் புகை இல்லை, இறங்க வேண்டிய தேவையும் இல்லை.

மிஞ்சும் கரண்டை வீட்டுக்கு எடுப்பது இந்த மோட்டர்த் தொகுதியில் நேரடியாக முடியாது. அதன் கொண்ட்ரோலர் மோட்டருக்கென்றே செய்தது, வீட்டுக்கு டி.சி.யை ஏ.சி. ஆக்கும் வேறு இன்வேட்டர் வேண்டும். கூரையில் பனல் போட்டு மின்சார சபைக்கு அனுப்பும் முறை வேறு. இலங்கையில் 2010 இல், அனுப்பிய கரண்டைப் பில்லில் கழிக்கும் நெற் மீற்றரிங் வந்தது, 2016 இல் அரசின் சூரிய பல சங்கிராமய திட்டத்துடன் அது பரவலானது. அந்த வகை இன்வேட்டர், பற்றரி இல்லாவிட்டால், ஊரில் கரண்ட் நின்றதும் தானும் நிற்கும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. கரண்ட் போகும்போது வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அதை வாங்குகிறவர் ஏமாறுவார்.

கடைசியாக நிலத்தடி நீர். வவுனியாப் பக்கம் கடும்பாறைக்கு மேலே உக்கிய மண்படையில்தான் கிணற்று நீர் தங்குகிறது, அந்தப் படை தடிப்பமில்லாதது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழுள்ள கிணறுகள் குளத்திலும் வாய்க்காலிலும் தண்ணீர் நிற்கும்வரை கைகொடுக்கும். பூநகரியிலும் முல்லைத்தீவுக் கரையோரத்திலும் நன்னீர் உவர் நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது, வேகமாக எடுத்தால் உவர் ஏறிவிடும். மெதுவாக எடுக்கும் சிறிய மோட்டர் அங்கே நல்லது. ஆனால் எண்ணெய்ச் செலவு இல்லையென்ற காரணத்தால் தொட்டி நிரம்பிய பிறகும் ஓட விட்டால் அதுவே கேடு. அரை ஏக்கருக்குப் போட்ட கணக்கை ஒரு ஏக்கருக்கு நீட்டும் எண்ணம் வந்தால், புரட்டாதிப் பரிசோதனையை மறுபடி செய்யாமல் நீட்ட வேண்டாம். பக்கத்துக் கிணறுகள் உங்கள் கிணற்றோடு சேர்ந்தே இறங்கும்.

மேலே போட்டதெல்லாம் நீங்கள் எழுதிய அளவுகளை நம்பிப் போட்டவை. ஊற்றின் வேகத்தை நேரில் அளக்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே முற்பணம் கொடுக்கும் முன் மணிக்கு மணி அளந்த மட்டங்கள், கிணற்றிலிருந்து தொட்டி வைக்கும் இடம்வரை தூரமும் ஏற்றமும், கிட்டிய மின்கம்பத்தின் தூரம், கடைக்காரர் தரும் மோட்டர் அட்டவணை ஆகிய நான்கையும் இங்கே எழுதுங்கள். மோட்டரின் இலக்கத்தையும் கொண்ட்ரோலரின் வோல்ட் எல்லையையும் வைத்துச் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.